பழைய நேரத்துக் கோழிகள்

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் இரண்டு நேரங்கள் இருந்தன. கொழும்பில் அரசாங்கம் மணிக்கூட்டு முள்ளை அரை மணி முன்னுக்குத் தள்ளியிருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காம். மல்லாவிப் பக்கத்தில் மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லாததால் எங்கள் ஆட்கள் பழைய நேரத்திலேயே இருந்துவிட்டார்கள். கலியாணமோ கூட்டமோ, யார் எந்த மணியைச் சொன்னாலும் "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க மறந்தவர்கள் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பா பழைய நேரக்காரர். அம்மாவின் தம்பியான சின்னமாமா புது நேரக்காரர். கிளிநொச்சியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர், சண்டையில் இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தபோது கம்பி முறுக்கும் ஒரு குறடும் விடிய எழுப்பும் ஓர் எலாம் மணிக்கூடும்தான் கொண்டுவந்தார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்பார். அது சொல்லும் மணிக்குத் தன் மணிக்கூட்டைத் திருப்பிவைப்பார். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை அரை மணி பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சின்னமாமாவுக்கு முன்பே பெரியப்பா குடும்பமும் வந்துவிட்டது. பெரியப்பாவின் சம்பந்தி வீட்டாரும் வந்தார்கள். அவர்களோடு யாரென்று கடைசிவரை எனக்குப் பிடிபடாத ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அறைகள் இரண்டு, ஒரு விறாந்தை, ஒரு குசினி. எந்த மூலையில் நின்றாலும் அம்மாவை யாராவது கூப்பிடுவது கேட்கும். பால்மா எங்கே, நுளம்புவலை எங்கே, பிள்ளைக்குக் காய்ச்சல் காய்கிறது, கொத்தமல்லி இருக்கிறதா?

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் காலை, வெயில் ஏறியும் விறாந்தையில் படுத்திருந்த சின்னமாமாவைத் தாண்டிப் போன அப்பா நின்று திரும்பினார்.

"நாளையிலை இருந்து கோழிக்கூட்டை நீ திற. உன்ரை அக்கா பாவம், ஒவ்வொரு நாளும் விடியக் கருக்கலிலை எழும்புது."

"பரவாயில்லை, நான் திறக்கிறன்" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை.

சின்னமாமா இரண்டு நாள் எழும்பினார். மூன்றாம் நாள் முகங்கூடக் கழுவாமல் வந்து, கூட்டுக்கு மோட்டர் பூட்டப்போவதாக அறிவித்தார்.

பெட்ரோலைக் கண்ணால் கண்டு பல வருடமான பெரியப்பாவின் கார் வேம்பின் கீழ் நின்றது. அதன் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டரைக் கழற்றினார். அதே காரின் பற்றரியில் பாதி செத்திருந்தது. மற்றப் பாதியை டைனமோ சுற்றி உயிர்ப்பிக்கலாம் என்றார். சுற்றும் உத்தியோகம் பிள்ளைகளான எங்களுக்கு வந்தது. ஒரு பலகைக் கதவு, அதை மேலே இழுக்க ஒரு கயிறு. எலாம் அடிக்கும்போது மணிக்கூட்டின் முதுகில் இருக்கும் சாவி தானாகச் சுழலுமல்லவா? அந்தச் சுழற்சியில் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்ளும், மோட்டர் அரைச் சுற்றுச் சுற்றும், கதவு ஏறும். மாலையில் முள் அதே ஆறுக்கு வரும்போது மீண்டும் அரைச் சுற்று, கதவு இறங்கும்.

மரநாயும் நரியும் திரிகிற ஊரில் கோழிகளைக் காப்பாற்றுவதற்காக, அந்தக் கூட்டைக் காட்டுத்தடியாலும் கம்பிவலையாலும் ஒரு சிறைச்சாலை போல அப்பா கட்டியிருந்தார். பெரிய ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். பக்கத்தில் முட்டை எடுக்க ஒரு சிறிய ஓட்டை.

முதல் மாலை முழு வீடும் கூட்டடியில் கூடியது. மணி அடித்தது. மோட்டர் உறுமியது. கதவு மிடுக்காக இறங்கிப் பூட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினோம். கோழிகளும் எங்களோடு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"இது கொழும்புக் கூடு" என்றார் அப்பா. "என்ரை கோழியள் பழைய நேரம்."

அன்று கோழிகள் வீட்டுக்குள் படுத்தன. சேவல் பெரியப்பாவின் பெட்டிக்கு மேல் ஏறி, ஒரு சாமத்தில் அவர் காதடியில் கூவியது. அது எந்த நேரப்படி என்று தெரியவில்லை. மறுநாள் சின்னமாமா தோல்வியை ஒப்புக்கொண்டு மணிக்கூட்டைப் பழைய நேரத்துக்குத் திருப்பினார். அதன் பிறகு கூடு ஒழுங்காகத் திறந்தது, ஒழுங்காகப் பூட்டியது. "இனி நீ ஆறுதலாப் படுத்தெழும்பலாம்" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாளும் விடியற்காலையில் எழும்பிய அம்மா செய்ய வேலை இல்லாமல் நின்றார். நின்றதைக் கண்ட பெரியம்மா தேங்காய் துருவக் கொடுத்தார்.

சில நாட்கள் கழித்து ஒரு மத்தியானம் கூட்டடிக்குப் போனேன். எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் எலாம் மணிக்கூட்டைக் கையில் வைத்து அதன் முதுகைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரே தூசி" என்றார்.

அன்று மாலை கதவு அரை மணி முந்தி இறங்கியது. அப்பா சின்னமாமாவைப் பிடித்துக்கொண்டார். "புது நேரத்தை என்ரை வளவுக்குள்ளை கொண்டு வராதை எண்டு சொன்னனான்."

"வற்றாப்பளை அம்மாளாணை அத்தான், நான் தொடேல்லை!"

நான் அப்பாவைத்தான் நம்பினேன். சின்னமாமா திருப்பிச் சரிசெய்தார். இரண்டு நாளில் மறுபடியும் முள் முன்னுக்குப் போயிருந்தது. பொய்ச் சத்தியம் செய்பவர் என்று சின்னமாமாவுக்குப் பெயர் வந்தது.

அந்த வாரந்தான் அவரை மாப்பிள்ளை பார்க்கத் துணுக்காயிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் வருவதாகச் சொல்லியனுப்பினார். ஆறு மணிக்கு. எந்த ஆறு என்று வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை.

வருகிறவருக்கு இயந்திரத்தைக் காட்டிப் பெயரெடுக்க வேண்டும் என்பது சின்னமாமாவின் எண்ணம். வெள்ளைச் சேட்டும் வெளுத்த சாரமும் உடுத்து, கடைசியாக ஒருதரம் கயிற்றுக்கு எண்ணெய் பூசக் கூட்டுக்குள் தவழ்ந்தார். அப்போது, அரை மணி முந்தியே எலாம் அடித்தது. கதவு இறங்கியது. அதே கணம் வாசற் படலையில் சைக்கிள் மணியும் அடித்தது. வந்தவர் புது நேரக்காரர்.

உள்ளே இருந்து சின்னமாமா தள்ளினார். மோட்டரின் பற்சக்கரம் அசையவில்லை. பற்றரியில் இருந்த கடைசி உயிரும் கதவை இறக்கியதோடு போய்விட்டது.

"மாப்பிள்ளை எங்கை?" என்று வந்தவர் கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"உள்ளை இருக்கிறார்" என்றார் பெரியப்பா. அது பொய்யில்லை.

அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. தேநீர் கொடுத்தார். பலகாரம் கொடுத்தார். அது முடிந்ததும் மறுபடி தேநீர் கொடுத்தார். பின்வளவில் நாங்கள் மாறிமாறி டைனமோ சுற்றிக்கொண்டிருந்தோம். கூட்டை வெட்டலாம் என்று யாரோ கத்தியைத் தூக்க, அப்பா குறுக்கே நின்றார். அவர் கட்டிய கூட்டை நரியே வெட்டவில்லை. கடைசியில் சின்னமாமாவின் குரல்தான் காட்டிக்கொடுத்தது.

"விடாமல் சுத்துங்கோடா! சேவல் வெளியிலை நிண்டு என்னைப் பாக்குது!"

வந்தவர் எழுந்து குரல் வந்த திசைக்கு நடந்தார். முட்டை எடுக்கும் ஓட்டைக்கு நேரே குந்தியிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து இரண்டு கைகள் கூப்பி வணக்கம் சொன்னன.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். எங்களை விலக்கிவிட்டு சைக்கிள் மிதியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். அவருக்கு உழவுக்காரக் கை. நெடுநேரம் சுற்றினார். மோட்டர் முனகி, பிறகு உறுமி, கதவு ஏறியது. தலைமயிரில் கோழி இறகும் சேட்டில் எச்சமுமாகச் சின்னமாமா வெளியே தவழ்ந்தார். காத்துக் களைத்திருந்த கோழிகள் அவரை ஏறி மிதித்துக்கொண்டு உள்ளே போயின.

"தம்பி, இதெல்லாம் என்னத்துக்கு?"

சின்னமாமா பொய் தேடிப் பார்த்தார். களைத்திருந்ததால் ஒன்றும் அகப்படவில்லை. "விடிய எழும்பப் பஞ்சி, ஐயா. நான் ஒரு சோம்பேறி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"என்ரை மகளும் எழும்பாள். ரெண்டு பேருக்கும் சேத்து மோட்டர் எழும்பட்டும்."

நாள் அப்போதே குறிக்கப்பட்டது. பழைய நேரம் என்று அப்பா உரத்துச் சொன்னார். கலியாணத்தோடு மோட்டர், பற்றரி, மணிக்கூடு எல்லாம் துணுக்காய்க்குப் போயின. கூடு திறக்கும் வேலை மறுபடி அம்மாவின் தலையில் விழுந்துவிட்டதே என்று அப்பா கவலைப்பட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள் கருக்கலில் எனக்கு முழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மாவைக் காணவில்லை. படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டிப் பின்வளவுக்குப் போனேன். கூடு திறந்து கிடந்தது. கோழிகள் எப்போதோ இறங்கி வேம்படியில் கிளறிக்கொண்டிருந்தன. அம்மா கவிழ்த்த வாளியில் இருந்தார். தலைமயிரை அவிழ்த்து முதுகில் விட்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் கை வெறுமையாக இருந்து நான் அதுவரை கண்டதில்லை. வீட்டுக்குள் இருந்து இன்னும் யாரும் கூப்பிடத் தொடங்கவில்லை.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"கோழி திறக்கிறன். நீ போய்ப் படு, பிள்ளை."

போய்ப் படுத்தேன். மோட்டர் ஒரு நொடியில் செய்த வேலைக்கு அம்மாவுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. வளர்ந்ததும் இன்னும் நல்ல மோட்டராக வாங்கி, ஒருவராலும் குழப்ப முடியாதபடி அம்மாவுக்குப் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நித்திரையாகிப்போனேன்.