நான் எழுதிக் கொடுக்காத கடிதம்

யுத்தம் முடிவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் நடந்தது இது. நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தேன். வேலை பிற்பகலில்தான் தொடங்கும். அதனால் காலை வேளைகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் அலுவலகத்தில் அமர்ந்து, பங்குக் குருவான சுவாமிக்குக் கடிதங்கள் தட்டச்சு செய்து கொடுப்பேன்.

அந்த நாட்களில் கடிதம் என்றால் பெரும்பாலும் ஒரே கடிதம்தான். வடக்கிலிருந்து வந்து லொட்ஜிலோ வாடகை அறையிலோ தங்குபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் வேண்டும். பங்குச் சுவாமியின் கையெழுத்தும் கோயில் முத்திரையும் இருந்தால் பொலிஸார் ஓரளவு மதித்தார்கள். சுவாமி வெளியே போகும் நாட்களுக்காகச் சில தாள்களில் முன்கூட்டியே கையெழுத்து வைத்து என்னிடம் தந்திருந்தார். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நான் நிரப்பினால் போதும்.

ஒரு தடவை எங்கள் கடிதம் வைத்திருந்த ஒருவர் புலிச் சந்தேகத்தில் பிடிபட்டார். பொலிஸார் சுவாமியைக் கூப்பிட்டு அரை நாள் விசாரித்தார்கள். அதன் பிறகு பங்குச் சபை கூடி, பங்கு மக்களுக்கு, அதாவது கோயிலுக்கு வரும் கத்தோலிக்கருக்கு மட்டுமே கடிதம் என்று தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்த அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் அவரை முன்பே கண்டிருக்கிறேன். மூன்று மாதமாக ஞாயிறு பூசைக்கு வந்து, கதவோரம் கடைசி வாங்குப் பலகையில் இருப்பவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருபவர் அவர் ஒருவர்தான் என்பதால் என் கண்ணில் பட்டிருந்தார்.

“சேர், பொலிசுக்குக் குடுக்க ஒரு கடிதம் வேணும். நாங்களும் வேதக்காரர்தான்,” என்றார். அடையாள அட்டைப் பிரதியையும் மடித்த தாள் ஒன்றையும் மேசையில் வைத்தார். தாளில் அவருடைய மகனின் பெயரும் ஒரு இலக்கமும் இருந்தன. பொரளைப் பக்கம் ஒரு சிறையில் எட்டு மாதமாக வழக்கில்லாமல் இருக்கிறானாம். “புதன்கிழமைதான் பாக்க விடுவினம். என்னை ஊருக்கு அனுப்பிப்போட்டினமெண்டா அவனுக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை.”

ஊரில் எந்தப் பங்கு என்று கேட்டேன். ஓர் இடத்தைச் சொன்னார். அங்கே இப்போது யார் சுவாமி என்று கேட்டேன். மறந்துபோனேன் என்றார். பத்திரிகையில் ஒரு செய்தி எங்கேயோ உதைக்கிறது என்று தோன்றினால் விடமாட்டேன். அதே குணம் இங்கேயும் வந்தது.

“அருள் நிறைந்த மரியே சொல்லுங்கோ பாப்பம்,” என்றேன். கத்தோலிக்கக் குழந்தைக்கும் பாடமான ஜெபம் அது.

அவர் கதிரையிலிருந்து எழும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். முதல் பாதி ஒரு சொல் பிசகவில்லை. இரண்டாம் பாதியில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடம் மாறி, கடைசியில் வெறும் முணுமுணுப்பாக நின்றுவிட்டது.

எனக்கு உடனே விளங்கியது. கோயிலில் ஜெபமாலை சொல்லும்போது முதல் பாதியை ஒருவர் ஒலிபெருக்கியில் தெளிவாகச் சொல்வார். இரண்டாம் பாதியைச் சனம் எல்லாம் சேர்ந்து இழுத்துச் சொல்லும். இவரோ கடைசி வாங்கில் இருந்து காதால் கேட்டே பாடமாக்கியிருக்கிறார்.

கதவடியில் மெழுகுதிரி விற்கும் அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, புதுநன்மை எடுக்கிற பிள்ளைக்கு வைக்கிற மாதிரிச் சோதினை வைக்கிறியளோ? எனக்கும் விசுவாசப் பிரமாணம் சொல்லேக்க பாதியில நிண்டுபோம். என்னையும் கலைச்சுப்போடாதேங்கோ,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நாங்கள் சைவம்,” என்றார் அந்த அம்மா. “ஆனா கொழும்புக்கு வந்த நாளிலயிருந்து பூசைக்கு வாறனான். அது பொய்யில்லை.”

“கண்டிருக்கிறன் அம்மா. ஆனா பொய்க்குக் கடிதம் குடுக்க ஏலாது.”

“ஓம் சேர். அதுவும் சரிதான்,” என்றார். வாதாடவில்லை. அடையாள அட்டைப் பிரதியை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். மகனின் பெயர் எழுதிய தாளை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டார். அன்று பிற்பகல் நான் வழக்கம்போல வேலை செய்தேன். ஒரு பிழையைப் பிடித்துவிட்ட திருப்திகூட எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு நடந்தது. தங்குவதற்குத் தக்க காரணம் காட்டாதவர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்தி என் மேசைக்கே வந்தது. பத்திரிகைப் பக்கத்தில் இடமில்லாததால் நான்தான் அதை எட்டு வரிகளாகக் குறைத்தேன்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனபோது மெழுகுதிரி அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. “உங்கட சோதினையில பெயிலான அம்மாவையும் ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். எங்கட ஒழுங்கையிலதான் அவவின்ர அறை. ‘எங்க கடிதம், கடிதம்’ எண்டுதான் கேட்டவங்கள்,” என்றார்.

நான் உள்ளே போனேன். பங்கைச் சேர்ந்த ஒருவருக்குக் கடிதம் தயாராக இருந்தது. அதைக் கையில் எடுத்து வாசித்தேன். இவர் எமது பங்கு எல்லைக்குள் வசிக்கிறார். இவரை நாம் அறிவோம். இவர் நன்னடத்தை உள்ளவர். அவ்வளவுதான். சமயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எத்தனையோ தடவை தட்டச்சு செய்த வரிகள். அந்த அம்மாவின் பெயரைப் போட்டிருந்தால் மூன்று வரியும் உண்மையாகவே இருந்திருக்கும். பங்குச் சபையின் தீர்மானம் என் முன்னால் இருந்தது என்று சொல்லித் தப்பலாம். ஆனால் நான் காப்பாற்றியது உண்மையை அல்ல. பயத்தில் என்னையே காப்பாற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை, அந்த அம்மா மறந்துவிட்டுப் போன தாளை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். கொழும்பின் காலி வீதியிலுள்ள சைவச் சாப்பாட்டுக் கடையில் ஒரு சோற்றுப் பார்சலும், பக்கத்துக் கடையில் ஒரு குளியல் சவர்க்காரமும் வாங்கினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். என் முறை வந்ததும் காவலர் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டு, “மெயா மஹத்தயாகே கவுத?” என்று கேட்டார். இவர் ஐயாவுக்கு யார் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் கையிலிருந்த தாளைத்தான் பார்த்தேன்.

“மாமா எண்டு சொல்லுங்கோ, விடுவாங்கள்,” என்று பின்னால் நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்.

மாமா என்றேன். காவலர் நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் அவனுடைய தகப்பனின் பெயர் என்ன என்று கேட்டார். என் கையிலிருந்த தாளில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டுமே இருந்தது. அந்த எழுத்தை மட்டும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சொந்தக்காரர் என்றால் விடலாம், இல்லாவிட்டால் கடிதம் வேண்டும் என்று சொல்லி, கையால் என்னை ஒதுங்கச் சொன்னார். பார்சலையாவது கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கும் தலையாட்டி மறுத்தார். சூடு ஆறாத பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தேன்.

சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை நீக்கச் சொன்னதும் நான்தான். அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த அம்மா எங்கள் கோயிலுக்குத் திரும்பி வரவில்லை. அவருக்கும் மகனுக்கும் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வவுனியாவுக்குப் போய்வந்த இரண்டொருவரிடம் விசாரித்தும் பலனில்லை.

இன்றும் ஜெபமாலையில் இரண்டாம் பாதி வரும்போது சனம் வழக்கம்போல இழுத்துச் சொல்லும். நான் மட்டும், கடைசி வாங்கில் இருக்கும் ஒருவருக்கும் விளங்கட்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லப் பார்க்கிறேன்.