சவப்பெட்டி வாசித்த இரவு

பாம்புக்காது என்றால் அந்த ஊர் மேடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஒலிக்கலவை மேசையில் உட்கார்ந்தபடியே, ஐந்தாவது வரிசையில் யார் மிட்டாய்த்தாள் பிரிக்கிறார்கள், அது என்ன மிட்டாய் என்றுகூடச் சொல்லிவிடுவார் என்பார்கள். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு ராத்திரி செவிடானார். அதுவும் கூடப்பிறந்த அண்ணன் விஷயத்தில்.

அண்ணன் கதவு, ஜன்னல் செய்யும் தச்சர். மிச்ச மரத்தை எல்லாம் சேர்த்துவைத்து, ஆளுயரத்தில், சவப்பெட்டி வடிவத்திலேயே, அடிநாதம் முழங்கும் ஒரு பாஸ் வாத்தியம் செய்து நான்கு தடித்த கம்பிகளை ஏற்றினார். அதைத் தோளில் சுமந்து போனால் பேருந்துகள் ஓரங்கட்டும். ஒருமுறை நிஜச் சவ ஊர்வலமே ஒதுங்கி நின்று, “நீங்க முன்னாடி போங்க” என்றதாம்.

அந்த வாத்தியத்துக்கென்றே ஒரு சங்கீதமும் இருந்தது. ராக்கபில்லி என்ற பழைய அமெரிக்கத் துள்ளல் பாட்டுக்குப் பேய் பிடித்தால் சைக்கோபில்லி. அலைபோலச் சுருண்டு வரும் கித்தாருக்குக் கோபம் வந்தால் சர்ஃப் பங்க். இரண்டு வகைக் குழுக்களும் சேர்ந்து வாசிக்க ஒரு பழைய கிடங்கு கிடைத்தது. இருபது வருஷம் சமையலறையிலேயே வாசித்த அண்ணனுக்கு அதுதான் முதல் மேடை.

முதலில் சர்ஃப் பங்க் பிள்ளைகள் ஏறினார்கள். மைக் மாட்டி மேடையோரம் சாய்த்து வைத்திருந்த சவப்பெட்டி அவர்கள் இரைச்சலில் தானாக ஊளையிட்டது. பாம்புக்காது மேசையில் அதற்கான பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தார். அடைபட்டதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அடைத்ததை வேறு யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாதே என்று மேலே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டுவது அவர் வழக்கம். ஒட்டினார். விளக்கும் மறைந்தது.

அண்ணன் குழு ஏறியது. அண்ணன் காலடியில் சின்னதாக ஒரு தனி ஸ்பீக்கர் இருந்ததால், தன் வாத்தியம் அவருக்குக் கேட்டது. கம்பிகளை அறைந்தார், வாத்தியத்தையே சுழற்றினார், சவப்பெட்டியின் மேலேயே ஏறி நின்றார். முந்நூறு பேரும் மரத்தளத்தில் தாளம் தப்பாமல் குதிக்க, கிடங்கே திம் திம் என்று அதிர்ந்தது. அந்தத் திம்திம்மைத்தான் அண்ணனின் பாஸ் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார் பாம்புக்காது.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டாள்.

“தம்பி, உங்கண்ணன் சத்தம் கேக்கவே இல்லையே?”

“பாஸ் காதுல கேக்காது அண்ணி. வயித்துல கேக்கும். கைய வச்சுப் பாருங்க.”

அண்ணி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது. காதுக்கே பேர்போன கொழுந்தன் சொல்லும்போது அவள் என்ன பேசுவாள்? போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து மேசையைச் சுத்தம் செய்யும்போது டேப்பை உரித்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து நின்றார். விரல் நுனியெல்லாம் ரத்தம், முகமெல்லாம் சிரிப்பு.

“எப்படிடா இருந்துச்சு?”

“பின்னிட்டீங்கண்ணே.”

அப்போதே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். அடுத்த மேடையில் சரி செய்திருக்கலாம். அடுத்த மேடைதான் வரவேயில்லை. இரண்டே மாதத்தில் பட்டறையில் ஒரு கதவு சரிந்து அண்ணனின் இடது தோளை நொறுக்கியது. கம்பியை அழுத்தும் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. சவப்பெட்டிக்கு உள்ளே பலகை அடித்து, அண்ணிக்குப் புடவை அலமாரியாக்கிக் கொடுத்தார்.

“அன்னிக்கு மேசையில பதிவு பண்ணினியே, அதக் கொண்டாயேன்” என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், “அழிஞ்சிடுச்சுண்ணே” என்பார். அழியவில்லை. கித்தார், டிரம்ஸ், பாட்டு எல்லாமே அதில் இருந்தன. அண்ணன் மட்டும் இல்லை.

ஆறு வருஷம் கழித்து, இனித் தாங்காது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

“அண்ணே, அந்த ராத்திரியப் பத்தி ஒண்ணு சொல்லணும்...”

“சொல்லுடா! நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்” என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அலமாரியில் புடவை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணி திரும்பவில்லை.

“தம்பி என்ன சொல்றது? எனக்கு வயித்துலயே கேட்டுச்சே. இல்ல தம்பி?”

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாம்புக்காதும் சிரித்துவைத்தார். ஊசி விழுந்தாலும் பிடிக்கும் அந்தக் காதுக்கு, அண்ணியின் குரலில் இருந்தது மன்னிப்பா குத்தலா என்று மட்டும் பிடிபடவில்லை. சட்டைப்பையைக் கையால் பொத்தியபடி, அந்த ராத்திரியை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.