கவிழ்த்து வைத்த வாளி

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷர், பக்கவாதம் வந்த பிறகு கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். வலது கை துவண்டு கிடந்தது. வாயில் மிஞ்சியது ‘ஆமா’ என்ற ஒரே சொல். சாப்பிட்டீங்களா என்றாலும் ஆமா, பட்டினியா என்றாலும் ஆமா. மற்ற நேரமெல்லாம் முகம் சுவர்ப்பக்கம். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கும் அவர் மனைவி, தையலக்கா.

குளிர் விட்டு வெயில் இளகிய நாளில், கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த குப்பைமேட்டைக் காய்கறித் தோட்டமாக்க நர்ஸ், பால்கடைக்காரர் என்று குடியிருப்பில் சிலர் கிளம்பினார்கள். தையலக்காவும் மண்வெட்டி பிடித்தாள். டிரைவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மறுநாள் காலை அவள் கூப்பிடும் முன்பே அவர் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். அதன்பின் அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்கு ஆஸ்பத்திரி, கோயில் எல்லாம்.

குடியிருப்புச் சங்கச் செயலாளரோ கறாராகச் சொல்லியிருந்தார். வசந்தம் முடிவதற்குள் பச்சை தெரிய வேண்டும். இல்லாவிட்டால் கார் நிறுத்த சிமென்ட் போட்டுவிடுவார்கள்.

தோட்டக்காரர்கள் எல்லோரும் வேலைக்கு ஓடுகிறவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அபூர்வம். அதனால் ஓர் ஏற்பாடு. தண்ணீர் ஊற்றியவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். கவிழ்ந்த வாளி என்றால் அன்றைய பாடு முடிந்தது. விடிந்ததும் காவலாளி நிமிர்த்தி வைப்பார்.

தக்காளியும் கத்தரியும் இரண்டு இலை விட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தண்டு கறுத்துச் சாய்ந்தன.

“வேர் அழுகிடுச்சுக்கா” என்றாள் நர்ஸ். “யாரோ ஊத்தினதுக்கு மேல ஊத்துறாங்க.”

“நான் ஊத்தினா வாளியைக் கவுத்துட்டுத்தான் போவேன்” என்றார் பால்கடைக்காரர். “நான் பால்லதான் தண்ணி ஊத்துறேன்னு ஊரே சொல்லுது. செடியில ஏன் ஊத்தப்போறேன்.”

வார லீவு நாளில் தையலக்கா மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்தாள். பால்கடைக்காரர் ஊற்றினார், வாளியைக் கவிழ்த்தார், போனார். டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். படுக்கையில் விழும் முன்பு வீட்டிலும் அவர் அப்படித்தான். கவிழ்ந்த பாத்திரம் கண்ணில் பட்டால் பொறுக்காது. வலது கை நத்தை மாதிரி நகர்ந்து வாளியின் விளிம்பைத் தொட்டது. விரல்கள் மடங்கின. பற்றின. வாளியை நிமிர்த்திவிட்டு, வண்டியை டெப்போவில் விட்டவர் போல உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தாள். நிமிர்ந்த வாளியைப் பார்த்தாள். ஊற்றினாள்.

தையலக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை ஒரு தடவைகூடப் பிடிக்காத கை அது. வாளியை எடுத்தால் கை போச்சு. விட்டால் தோட்டம் போச்சு. தோட்டம் போனால் ஆளே மறுபடி சுவர்ப்பக்கம்.

சாயங்காலம் கூடியபோது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். “நான்தான் கவுக்க மறந்துட்டேன்.”

“தலைக்குள்ள மூளை இருக்கா, நூல்கண்டு இருக்கா?” என்றார் பால்கடைக்காரர்.

“விடுங்கண்ணே” என்றாள் நர்ஸ். “இனிமே மாத்திக்குவோம். வாளி நிமிந்திருந்தா ஊத்தியாச்சுன்னு அர்த்தம்.”

“அப்படின்னா காஞ்சே செத்துரும்” என்று தையலக்கா வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

“ஏன்?”

“ஒண்ணுமில்ல.”

அந்தப் பக்கம் வந்த செயலாளர் அழுகிய நாற்றைச் செருப்பு நுனியால் தள்ளினார். “மாசக் கடைசியில வந்து பார்ப்பேன். என்ன டிரைவரண்ணே, சிமென்ட் போட்டுடலாமா?”

“ஆமா” என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மிஞ்சியது ஒரு பிடி அவரை விதை. அதை ஊன்றினாள். தோட்டத்து வாளியை மாடிப்படிக்குக் கீழே மாற்றினாள். ஊற்றியவர் குழாயில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்று புது ஏற்பாடு சொன்னாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வீட்டு ஓட்டை வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

துணி தினமும் ஏறியது, இறங்கியது. மண் மட்டும் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் குழிகளைக் கிளறினால் விதை கொழகொழவென்று நாறியது. பழைய ஈரம் இன்னும் அடியில் இருந்தது. மாசக் கடைசி நாளைக்கு. கடைசிக் குழியை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். விதை ஊதியிருந்தது. தோல் வெடித்ததா, அழுகிப் பிளந்ததா, அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கத் தைரியம் வராமல் மண்ணை மூடினாள்.

பின்னால் ‘டக்’ என்றது. டிரைவர் வாளியை நிமிர்த்தியிருந்தார். முகத்தில் வேர்வை.

“முடிஞ்சுதாங்க?” என்றாள்.

“ஆமா.”

அவள் எழுந்து போய் வாளியை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.