அவர் காலின் நிறம்

என் ஃபோனில் என் வீட்டுக்காரரின் வலது கால் மட்டும் இருபத்திரண்டு படம் இருக்கிறது. அவர் முகம்கூட அத்தனை இல்லை. யாராவது வாங்கிப் பார்த்தால் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

ஆரம்பித்து வைத்தது என் வாய்தான். அவர் பிறந்த ரப்பர் தோட்டம் கோப்பெங் ஊருக்கு உள்ளே தள்ளி இருந்தது. இப்போது ரப்பரும் கிடையாது, கூலிக்காரர்கள் குடியிருந்த லயமும் கிடையாது, எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்குச் சனம் வந்து சேரும். போன திருவிழாவில் இவர் பால்குடம் எடுத்தார். மெயின் ரோட்டிலிருந்து கோயில்வரை வெறுங்கால். உச்சி வெயில், தார் ரோடு கொதிக்கிறது. நான் மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு, ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி அவருக்கு முன்னால் போகிறேன்.

வளைவில் ஒரு ஆள் குடையோடு குறுக்கே வந்து படத்தைக் கெடுத்துவிட்டான். “ஏங்க, கொஞ்சம் பின்னால போயி மறுபடி நடந்து வாங்க” என்றேன். தலையில் குடத்தோடு போனார், வந்தார். அந்தப் படத்தில் கண்ணை மூடிவிட்டார். இன்னொரு தடவை நடக்கவைத்தேன். கால் சுடுதா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். பதினைந்து வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. அது எனக்கும் தெரியும், பாவி எனக்கு.

சாயங்காலம் சிலிபினில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக் கால் கழுவும்போதுதான் பார்த்தோம். உள்ளங்காலெல்லாம் கொப்புளம், கட்டைவிரலுக்கு அடியில் தோல் உரிந்து தொங்கியது. கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். “தினமும் பாருங்க, கறுத்துச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க” என்றார்கள்.

தெலுக் இந்தானில் அவருடைய அக்கா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். “தெனம் கட்டு பிரிக்கும்போது ஒரு படம் எடுத்து வாட்சாப்ல அனுப்பு லா, நான் பாத்துச் சொல்றேன்” என்றார். அப்பாடா என்று இருந்தது.

காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவார். நான் கட்டைப் பிரிப்பேன், படம் எடுப்பேன், முகத்தைத் திருப்பிக்கொண்டே மருந்து போடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புண்ணை நேராகப் பார்க்க எனக்குப் பயம். ஃபோனில் என்றால் பார்க்க முடிந்தது. இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்ப்பேன். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் மாறி மாறிப் போவேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டே பார்ப்பேன். அப்புறம் எல்லாமே அப்படி ஆகிவிட்டது. கேஸ் அணைத்தேனா, படம். கேட் பூட்டினேனா, படம். அவர் தூங்கும்போது முகம் வெளிறியிருக்கிறதா, அதற்கும் ஒரு படம். என் கண் பார்த்ததை நானே நம்பவில்லை.

“நல்லா செவப்பாத்தான் இருக்கு, ஆறிடும்” என்று அக்கா தினமும் பதில் போடுவார். மூன்று வாரம் அந்த வார்த்தையில்தான் சோறு இறங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அக்காவே பஸ் ஏறி வந்துவிட்டார், கையில் ஒரு பை இறாலோடு. பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தம்பியின் காலை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தார்.

“இது எத்தன நாளா இப்படி இருக்கு?”

“எப்படிக்கா?”

“கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? வெரல் கறுத்துக் கெடக்கு!”

நான் விடவில்லை. “இன்னைக்குக் காலையில எடுத்தது, பாருங்க” என்று ஃபோனை நீட்டினேன். அவர் அதை வாங்கி விரலுக்குப் பக்கத்திலேயே பிடித்தார். படத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு விரல். மடியில் இருந்ததோ சுட்ட கத்தரிக்காய்.

“எதுல எடுத்த?” என்றார்.

அலாமாக்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீபாவளிக்கு என் மகள் ஒரு கேமரா ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் எடுத்தால் எல்லாரும் சிவப்பாக, கரும்புள்ளி இல்லாமல் வருவோம். நாங்கள் எல்லாருமே கறுப்பு. எங்கள் கல்யாணப் படத்திலேயே ஸ்டூடியோக்காரன் இரண்டு பேரையும் வெளுக்க வைத்துத்தான் கொடுத்தான், அதைத்தான் ஹாலில் மாட்டியிருக்கிறோம். எனக்கு அந்த ஆப் ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வேறு கேமராவைத் தொடவே இல்லை. அது முகத்தை வெளுக்க வைத்த மாதிரியே விரலையும் வெளுக்க வைத்திருக்கிறது. தினமும் காட்டினேன், தினமும் நல்ல சேதி சொன்னது. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள். நான் கண்ணாலேயே காணவில்லையே.

அன்றைக்கே ஈப்போ ஆஸ்பத்திரி. கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். கறுப்பு மேலே ஏறினால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கட்டைப் பிரித்ததும் அவர், “எனக்குக் குனிய முடியல, ஒரு படம் எடுத்துக் காட்டு புள்ள” என்றார். ஆப்பை ஆஸ்பத்திரியிலேயே அழித்துவிட்டேன். சன்னல் பக்கம் முக்காலியை இழுத்து, ஃபோனோடு வந்த சாதாக் கேமராவில் எடுத்துக் கொடுத்தேன். விரல் இல்லாத இடத்தைப் பார்த்து அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நான் இவ்ளோ கறுப்பாவா இருக்கேன்?” என்றார்.

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நான். எதுவரை அவர் நிறம், எங்கிருந்து நோவின் நிறம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஃபோனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். “அந்த நல்ல காலையும் நீட்டுங்க” என்றேன். இரண்டு காலையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து, மூக்கு உரசுகிற அளவுக்குப் பார்த்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

“என்ன புள்ள, ஒன்னும் சொல்ல மாட்டேங்கற?”

“ரெண்டும் ஒரே கறுப்புதாங்க” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.