தாய்மாமன் போட்ட புலிநகம்

மலாக்கா மாநிலத்தில் புலியைக் காப்பாற்றுவதைப் போலச் சுகமான வேலை வேறு கிடையாது. அங்கே காட்டுப்புலி ஒன்றுகூட இல்லை. தொண்ணூறுகளில் வனவிலங்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். தட்டச்சு வேலையோடு, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய், மேலதிகாரி மலாயில் பேசுவதைத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. கோயில் மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பகாங் மாநிலத்துக் காட்டுப் புலியைப் படமாகக் காட்டுவோம். புலித்தோல் வாங்காதீர்கள், புலிநகம் போடாதீர்கள், வாங்க ஆள் இருக்கிறவரை சுடவும் ஆள் இருப்பான் என்று தொண்டை கட்டும்வரை பேசுவேன். புலித்தோல் வாங்க வசதியில்லாத மக்கள் எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொள்வார்கள். பிறகு குடிக்க மைலோவும் கடிக்கக் கறிபாப்பும் கொடுப்போம். கூட்டம் வந்ததே அதற்காகத்தான்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்து கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நம்ம பக்கம்தான் புலியே இல்லியே. ரெண்டு கொண்டாந்து விடுங்கலா. காட்டுப்பன்னி வந்து மரவள்ளியெல்லாம் தோண்டிப் போட்டுருது."

புலி பெருக வேண்டும் என்று மனதார ஆசைப்பட்ட ஒரே மனிதரை நான் சந்தித்தது அன்றுதான். அதை அப்படியே மொழிபெயர்த்தால் மேலதிகாரி வருத்தப்படுவார். "நமக்கு ரொம்ப ஆதரவாகப் பேசுகிறார்" என்று மட்டும் சொன்னேன்.

என் மகனுக்குப் பதினோரு மாதம் ஆனபோது மெர்லிமாவ் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன். அப்பா போனபிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் ஏறியவர். அவர் பகாங்கிலிருந்து மரம் ஏற்றி வந்ததால்தான் நான் பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்தேன், அரசாங்க வேலைக்கும் போனேன். அவர் முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை.

காது குத்தி முடித்ததும், அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே, அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்துப் போட்டார். தங்கப்பூண் கட்டிய புலிநகம்.

"எம்மருமவனுக்கு ஒரு பயம் அண்டாது, ஒரு கண்ணு படாது" என்றார் சபைக்குக் கேட்கும்படி. "ஒரிஜினல்லா! காட்டுல மரம் வெட்றவன்கிட்ட நேரா வாங்குனது."

சுற்றியிருந்த சொந்தமெல்லாம் என்னைப் பார்த்தது. அவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டு மைலோ குடித்தவர்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த குடும்பம். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு வேளைக்கு என் மேலதிகாரி வந்தார். அழைத்தது நான்தான், புத்திசாலித்தனத்துக்கு என் குடும்பத்தில் குறைவே இல்லை. நல்ல மனிதர், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். அவருடைய விரல் அந்த நகத்தில் பட்டு நின்றது.

"பெரும்பாலும் மாட்டுக்கொம்பைச் சீவித்தான் விற்கிறார்கள்" என்று மெதுவாக மலாயில் சொன்னார். "திங்கட்கிழமை கொண்டு வா. போலி என்றால் பிள்ளையே போட்டுக்கொள்ளட்டும்."

அசல் என்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. புலியின் நகத்தை வைத்திருந்தாலே குற்றம் என்கிற சட்டத்தை எத்தனையோ தடவை தமிழில் சொன்னவள் நான். அண்ணன் கோர்ட்டு ஏற வேண்டியிருக்கும். என் அண்ணன் ஏமாந்த முட்டாளாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மேலதிகாரி பூணைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அசல்தான். ஆனால் ரொம்பச் சின்னது. குட்டி. ஒரு வயதுகூட ஆகியிருக்காது."

சுவரில் காட்டிய புலியெல்லாம் பெரிய புலி. அதற்காக நான் பேசியிருக்கிறேன், வருந்தியதில்லை. ஒரு வயது ஆகாதது என்றதும் என் பிள்ளை தவழ்ந்து வந்து காலைப் பிடிப்பதுதான் நினைவுக்கு வந்தது.

யார் கொடுத்தது என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ போட்டார்கள், தெரியாது என்றேன். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தெரியும் என்று எனக்கும் தெரிந்தது. 'கண்டெடுக்கப்பட்டது' என்று அலுவலகப் படிவத்தில் நானே தட்டச்சு செய்தேன். வேலியே பயிரை மேய்வதற்கு நல்ல தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை, பூணையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அசல்னு சொல்லிட்டானுவளா? நாந்தான் சொன்னேன்லா!" என்று அண்ணியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"குட்டிண்ணே. நம்ம புள்ள வயசுதான் இருக்குமாம்."

சிரிப்பு நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"குட்டியா? பாவிப்பய, ஏமாத்திட்டானே! பெரிய புலின்னு சொல்லித்தானே குடுத்தான்? நீ கவலப்படாத. அடுத்த டிரிப்ல நல்லாப் பெரிசா ஒண்ணு கொண்டாறேன்."

"வேணாம்ணே."

"தாய்மாமன் போட்டது புள்ள கழுத்துல இல்லன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"கொண்டாந்தீங்கன்னா, உங்க பேரச் சொல்லி நானே ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருவேன்."

அண்ணி கையிலிருந்த கோப்பித் தட்டோடு அப்படியே நின்றாள். அண்ணன் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எம்பேரயா?"

"ஆமாண்ணே."

அவர் சங்கிலியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரியைக் கழுவப் போய்விட்டார். பிறகு எந்தப் புலிநகமும் எங்கள் குடும்பத்துக்குள் வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு அண்ணனும் வரவில்லை. அண்ணி மட்டும் முறுக்கு டின்னோடு பஸ் ஏறி வந்து, "கோவம் தணியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் குட்டிக்காக அழுதேன் என்று எழுதினால் என் உத்தியோகத்துக்கு அழகாக இருக்கும். அண்ணனுக்காகத்தான் அழுதேன்.