குட்டை தெளிந்த கோடை

அறுபதுகளின் நடுவில் திருப்பூரிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த தெருவின் கடைசியில் முழங்கால் ஆழத்தில் ஒரு குட்டை. எப்போதும் பச்சைப் பாசியும் கொசுவும் தவளைச் சத்தமுமாக இருக்கும். ஒரு கோடையில் அது தெளியத் தொடங்கியது. சில வாரங்களில் அடிமண் தெரிந்தது. கொசுவும் குறைந்தது.

"நம்ம பனியனாட்டம் வெளுத்துப் போச்சுங்க" என்றார் டீக்கடையில் ஒருவர்.

"நீலம் போட்டுப் பெட்டி கட்டி அனுப்பீரலாமுங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பனியன் துணி வெளுப்பதையே தொழிலாகக் கொண்ட ஊர். தெளிவைக் கண்டு அங்கே யாரும் சந்தேகப்படவில்லை. நானும் குட்டை சுத்தமாகிவிட்டதென ஐந்து வரி அனுப்பினேன், அச்சில் வந்தது.

எங்கள் தெருத் துணிகளை ஒரு பெண் அந்தக் குட்டையில்தான் வெளுத்துவந்தாள். அடுத்த மாதம் என் வாசலில் வந்து நின்றாள். அவள் வெளுத்த வேட்டிகள் மடிப்பு மடிப்பாக இற்றுக் கிழிந்தன. சலவைக் காரம் அதிகம் போடுகிறாள் என்று ஏசி, பாதி வீடுகள் துணி போடுவதை நிறுத்திவிட்டன.

"காரம் கூட்டிப் போடலீங்க சாமி. மேக்க இருக்கிற பனியன் சலவைப் பட்டறைத் தண்ணி குட்டைல உளுகுதுங்க. ஆசிட்டுத் தண்ணி. பாசி செத்துத்தானுங்க தெளிஞ்சுது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து நத்தை ஓடுகளை என் கையில் கொட்டினாள். வெளிறியிருந்தன. அழுத்தியதும் அப்பளமாக நொறுங்கின.

"தண்ணி சுத்தம்னு பேப்பர்ல போட்டீங்களாமா. அதையச் சொல்லித்தான் ஏசறாங்க. கெட்டுப்போச்சுன்னு ஒருக்கா போட்டுருங்க சாமி. துணி போடற மிச்ச ஊடாச்சும் நிக்கட்டும்."

போய்ப் பார்த்தேன். தவளை இல்லை, கொக்கு இல்லை. வாய்க்கால் விழும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் நெடி. சுகாதார அலுவலர் ஒருவரை அழைத்துப்போனேன். "கண்ணாடியாட்டம் இருக்குதுங்க, இன்னும் என்ன வேணும்?" என்றார்.

குட்டை கெட்டுவிட்டதென எழுதி அனுப்பினேன். நாளிதழ் அலுவலகத்திலிருந்து அஞ்சலட்டை வந்தது: 'போன மாதம் சுத்தம், இந்த மாதம் விஷமா? பரிசோதனைச் சான்று உண்டா?' சான்றுக்கு நான் அலையவில்லை.

"பேப்பர்ல வந்துதுங்களா சாமி?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை. அதற்குள் தெருவே கிணற்றுத் தண்ணீரில் துவைக்கும் வேறொருவரிடம் மாறியிருந்தது. என்னிடம் இருந்தவை மூன்று சட்டைகள். ஒன்று கழுத்துப்பட்டையில் இற்றுக் கிழிந்திருந்தது. மற்ற இரண்டையும் அந்த வாரம் கிணற்றுக்காரரிடம் போட்டேன்.