மாமாவுக்குப் பின்னால் நின்ற காட்டுமாடு

கடையில் தக்காளியைக் கையில் எடுத்து, விலையைக் கேட்டு, மறுபடி கூடையிலேயே வைத்துவிட்டு வந்த அன்றுதான் சமையலறைக்குப் பின்னால் இருந்த மண்ணைக் கொத்த ஆரம்பித்தேன். குன்னூருக்குக் கீழே சரிவில் இருக்கிறது எங்கள் வாடகை வீடு. சுற்றிலும் காரட்டும் கோஸும் விளைகிற மலை. ஆனாலும் அவை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, விலை ஏறித்தான் எங்கள் தெருக் கடைக்குத் திரும்பி வரும்.

கொஞ்ச நாளில் தோட்டம் என் கையைவிட்டு மாமாவின் கைக்குப் போனது. என் கணவரின் அப்பா. கோபிப் பக்கம் வயல் பார்த்தவர், அத்தை இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டார். காது அறவே கேட்காது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம்; இரைச்சலாக இருக்கிறது என்று மாட்டமாட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் பேசினால் பக்கத்து வீதிவரை கேட்கும்.

கோஸ் உருண்டு வந்த சமயத்தில் சரிவின் கீழே தேயிலைக்குள் காட்டுமாடுகள் நடமாட ஆரம்பித்தன. பழைய சேலைகளை வேலியாகக் கட்டினோம். சில காலைகளில் வாசலிலேயே அவற்றின் சாணி கிடக்கும்.

அன்று கணவர் வேலைக்குப் போயிருந்தார். முற்பகலிலேயே பனி இறங்கிவிட்டது. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். மாமா பீன்ஸ் பாத்தியில் குத்தவைத்துக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கோஸ் பாத்தியில், பனி ஓரிடத்தில் மட்டும் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு தலையைத் தூக்கியது. கொம்புகள் தெரிந்தன. வேலிச் சேலை ஒன்று கொம்பில் சிக்கித் தொங்கியது.

கத்த வாயைத் திறந்தேன். சட்டென்று மூடிக்கொண்டேன். கத்தினால் மாமாவுக்குக் கேட்காது, மாட்டுக்குத்தான் கேட்கும். கீழ்த் தெருவில் ஒருவரைக் காட்டுமாடு முட்டி, அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. குக்கர் விசிலடித்துவிடுமே என்று பாய்ந்து அடுப்பை அணைத்தேன்.

பின்கதவைத் திறந்தேன். மாடி வீட்டு அக்கா படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார். “ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்கேனுங்க. வெளிய வராதீங்க,” என்றார், மூச்சுவிடுகிற மாதிரி.

“மாமா சும்மா இருக்கமாட்டாருங்க அக்கா. இப்பத் தண்ணி கேட்டுக் கத்துவாரு.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

சுவரை ஒட்டியே நடந்தேன். ஈர மண் பாதத்தில் சில்லிட்டது. கோஸை மாடு கடிக்கிற சத்தம் நறுக் நறுக்கென்று கேட்டது. மாமா பக்கத்தில் போனதும் வேறு யோசனையே வரவில்லை. பின்னாலிருந்து அவர் வாயைப் பொத்தினேன். அதுவரை அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்கார்ந்தது இல்லை நான்.

மாமா திமிறினார். என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணால் காட்டிய பக்கம் திரும்பினார். அவர் உடம்பு என் கையில் அப்படியே இறுகியது.

எழுப்பி நிறுத்தி, இரண்டடி வைத்திருப்போம். மாடு தின்பதை நிறுத்தியது. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். அது மூக்கால் ஊதியது. கால்கள் முட்டிக்குக் கீழே வெள்ளையாக, சாக்ஸ் போட்டது மாதிரி. அதை மட்டும்தான் பார்த்தேன். மேலே பார்க்கத் தைரியம் இல்லை. மாமாவின் மூச்சு என் உள்ளங்கையில் சூடாக அடித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு அது பீன்ஸ் பாத்திக்கு வந்தது. மாமா குத்தவைத்திருந்த இடத்திலேயே நின்று, கொடியை ஊன்றுகோலோடு இழுத்துத் தின்றது. தின்று முடித்து, எங்களைச் சட்டை செய்யாமல் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

கையை எடுத்தேன். “அத்தனையும் தின்னுபோட்டுப் போயிருச்சே அம்மிணி!” என்று மாமா மலையே அதிரக் கத்தினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சற்று நின்று பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

ஃபாரஸ்ட்காரர்கள் வந்தபோது குளம்புத் தடம்தான் இருந்தது. சாயங்காலம் கணவர் வந்து, நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “தோட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். காய் என்ன வெல வித்தாலும் வாங்கித் தின்னுக்கலாம். எங்கப்பனை எங்க போய் வாங்கறது?” என்றார். நானும் சரி என்றேன். பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மாமா சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே மிச்சம் வைக்க ஆரம்பித்தார். பூட்டிய கதவுக்குமுன் ஸ்டூலைப் போட்டு, மண்ணைப் பார்ப்பதுபோலக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில், நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் நானே திறந்துவிட்டேன். கோஸ் போடுவதில்லை என்று மட்டும் பேச்சு. பூண்டும் புதினாவும் வைத்தார். கேட்காமல் பீன்ஸையும் வைத்துவிட்டார்.

இப்போது அவர் மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் சரிவைப் பார்த்து நின்றிருப்பேன். அடுப்பில் எது தீய்ந்தாலும் சரி. பூண்டை மாடு தொடாது என்கிறார்கள். அதை நம்பி நான் ஒருநாளும் திரும்பி நின்றதில்லை. தேயிலைமேல் பனி படரத் தொடங்கியதும் மாமாவின் சட்டைக்கையை இழுப்பேன். முன்பெல்லாம் முணுமுணுப்பார். இப்போது அதுவரை பறித்ததை என் முந்தானையில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் எனக்குமுன் உள்ளே போகிறார்.